17 வருடமாக ஒரே கணக்கு அலுவலகம்: என் அனுபவம்

சின்னதாக ஒரு அச்சகம் நடத்துகிறேன். 17 வருடமாக என் கணக்கு வழக்கு முழுவதும் ஒரே அலுவலகத்தில்தான். நான் போய்ச் சேர்ந்தபோதே அது பழைய அலுவலகம்.

முதல் வருடம் எனக்குக் கோபம்தான் வந்தது. பில் இல்லாத ஒரு செலவை எழுதச் சொன்னேன். "செலவு உண்மையாகவே இருக்கலாம் சார். அதைக் காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டார் அந்த அலுவலகத்தின் பெரியவர். பதில் இல்லை, செலவும் கணக்கில் ஏறவில்லை. அன்றிலிருந்து மை வாங்கினாலும் சரி, மெஷினுக்குப் பெல்ட் மாற்றினாலும் சரி, பில்லை வாங்கி அன்றைக்கே கோப்பில் போட்டுவிடுகிறேன்.

ஒருமுறை என் ரொக்கப் புத்தகத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் 450 வித்தியாசம். இரண்டு ராத்திரி தேடியும் எனக்குப் பிடிபடவில்லை. பெரியவர் பென்சிலை எடுத்து 450ஐ ஒன்பதால் வகுத்தார். மிச்சமில்லாமல் 50 வந்தது. "இலக்கம் இடம் மாறியிருக்கும். நூறின் இடத்திலும் பத்தின் இடத்திலும் பாருங்கள், இரண்டு இலக்கத்துக்கும் ஐந்து வித்தியாசம் இருக்கும்" என்றார். பக்கத்தைப் புரட்டினால் 1,830 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1,380. என் கையெழுத்துதான். ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் முதலில் இலக்க மாற்றத்தைச் சந்தேகிப்பது கணக்கர்களின் பழைய வழக்கமாம். இப்போது நானும் அப்படித்தான் தேடுகிறேன்.

வங்கிக் கடனுக்குப் போனபோது, கையிருப்புச் சரக்கைக் கொஞ்சம் கூட்டிக் காட்டச் சொன்னேன். முடியாது என்றுவிட்டார்கள். கடன் குறைவாகத்தான் கிடைத்தது. அடுத்த வருடம் தொழில் படுத்தபோது, அந்தக் குறைந்த தவணையையே திணறித்தான் கட்டினேன்.

வங்கி தணிக்கை அறிக்கை கேட்டபோதும் அப்படித்தான். "கணக்கை எழுதியதே நாங்கள். அதைச் சரியென்று நாங்களே கையெழுத்துப் போட்டால் நன்றாக இருக்காது" என்று வேறொரு தணிக்கையாளரிடம் போகச் சொன்னார்கள். வருகிற வேலையை விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்?

என் போட்டியாளர் ஒருவருக்கும் இவர்கள்தான் கணக்குப் பார்க்கிறார்கள். அவருக்கு என் பழைய மெஷினை விற்கும் பேச்சு வந்தது. இருவருக்கும் தாங்களே கணக்குப் பார்ப்பதைப் பெரியவர் இருவரிடமும் சொல்லிவிட்டு, விலை விஷயத்தில் யாருக்கும் யோசனை சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டார். அந்தப் போட்டியாளருடைய வரவு செலவைப் பற்றி இத்தனை வருடத்தில் என் காதில் ஒரு வார்த்தை விழுந்ததில்லை.

குறைகளும் உண்டு. ஆண்டு முடிவில் போன் எடுக்கவே மாட்டார்கள். அலுவலகப் பையன்கள் மாறும்போது கொடுத்த காகிதத்தையே மறுபடியும் கேட்பார்கள். ஒரு வருடம் என் வரிக் கணக்கைக் கெடு தாண்டித்தான் தாக்கல் செய்தார்கள். ஆனால் நோட்டீஸ் வருவதற்கு முன்பே என்னைக் கூப்பிட்டு, தவறு தங்களுடையது என்று எழுத்திலேயே கொடுத்து, அபராதத்தையும் தாங்களே கட்டினார்கள். எனக்கு அது மறக்கவில்லை.

பெரியவர் இப்போது அலுவலகம் வருவதில்லை. அவரிடம் வேலை பழகிய அம்மாதான் கையெழுத்துப் போடுகிறார். போன வருடக் கணக்கு அவரிடமிருந்து ஒருமுறை திரும்பி வந்தது. மூன்று இடத்தில் பென்சில் சுழி, பக்கத்தில் பொடி எழுத்தில் "பில் எங்கே?" உட்கார்ந்து தேடி மூன்றையும் எடுத்துக் கொடுத்தேன்.