சிலிக்கன் என்று காசு வாங்கி அக்ரிலிக் பசை பூசிவிட்டுப் போனார்: குளியலறை கட்டுபவர்கள் கவனம்

கிளிநொச்சிப் பக்கம் வீட்டோடு குளியலறை கட்டுகிற ஆக்களும், வெளிநாட்டிலிருந்து அதற்குக் காசு அனுப்புகிற ஆக்களும் இதைத் தயவுசெய்து முழுக்க வாசியுங்கோ.

அம்மாவுக்கு இடுப்பு வருத்தம். சுடுதண்ணிக்குள் கொஞ்சநேரம் இருந்தால் சுகம் என்று அக்கா கனடாவிலிருந்து காசு அனுப்ப, அக்ரிலிக் பாத் ரப் ஒன்று வைத்தோம். வேலை எடுத்தவர் கணக்கில் 'பாத்ரூம் சிலிக்கன்' (இடுக்கால் தண்ணி போகாமல் அடைக்கிற பசை) என்று தனியாக எழுதி, சாமானுக்கும் கூலிக்கும் காசு வாங்கினார். ரப்பின் விளிம்பு ரைல்ஸோடு சேருமிடம் வெள்ளையாய், வழுவழுப்பாய் இருந்தது. "அண்ணை, இனிப் பத்து வருசத்துக்கு இதைத் தொடத் தேவையில்லை" என்றார்.

மாரி தொடங்க முன்னமே அந்த வெள்ளை இளகி மூலையில் உரிந்தது. அடுத்த அறைச் சுவர் ஊறிப் பெயின்ற் கொப்பளித்தது. அம்மாவின் கட்டில் அந்தச் சுவரோடுதான் கிடந்தது. வயதுபோன மனிசி ஈரச் சுவரோடு படுத்திருந்ததை நினைக்க எனக்கு இப்பவும் கோபம் வருகிறது.

கேட்டால், "உங்கட கிணத்துத் தண்ணி சரியில்லை" என்கிறார். எங்கள் தண்ணி ரைல்ஸில் வெள்ளைப் படிவு விடும், உண்மைதான். ஆனால் இறுகிய சிலிக்கனை அது கரைக்காது.

வவுனியாவிலிருந்து வந்த வேறொரு வேலைகாரத் தம்பி சுரண்டிக் காட்டினார். மேலே இருந்தது பெயின்ற் அடிக்கிறவர்கள் சுவர் வெடிப்புக்குப் பூசும் அக்ரிலிக் பசை. அதற்குக் கீழே வெள்ளைச் சீமெந்து. அந்தப் பசை, தண்ணி தேங்கும் இடத்துக்கு ஆகாது. சீமெந்து இழுபடாது. ரப்பில் 150 லீற்றர் தண்ணி நிறைந்தால் அதுவே 150 கிலோ, அதற்குமேல் ஆளின் பாரம். ரப் மயிரிழையளவு இறங்கினாலும் சீமெந்து வெடித்துவிடும். சிலிக்கன் றப்பர் மாதிரி இழுபட்டுக் கொடுக்கும்.

முதல் ஆளோ இன்னும் கொஞ்சக் காசு தந்தால் "மேலால இன்னொரு கோடு அடிச்சு விடுறன்" என்றார். இதற்கு மட்டும் ஒருநாளும் சம்மதிக்காதேங்கோ. பழையதின் மேல் சிலிக்கன் ஒட்டி நிற்காது, பழைய சிலிக்கனின் மேலும் அப்படித்தான்.

தம்பி எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, ஸ்பிரிற்றால் துடைத்து, இடுக்கு நன்றாய்க் காயும்வரை வேலையைத் தொடவில்லை. பிறகு ரப்பைத் தண்ணியால் நிரப்பினார். பாரத்தோடு இடைவெளி விரிந்து நிற்கும்போதே அடைத்தால்தான் பிறகு இழுபட்டுப் பிரியாது. இரண்டு பக்கமும் மாஸ்கிங் ரேப் ஒட்டி, ரியூப்பின் மூக்கைச் சரிவாய், இடைவெளியின் அளவுக்கு வெட்டி, கையை நிறுத்தாமல் ஒரே இழுவையாய் அடித்தார். ஒருமுறை வழித்துவிட்டு, மேலே தோல் பிடிக்க முன்னம் ரேப்பை உரித்தார். அந்தக் கோட்டைப் பார்க்கவே வடிவு. குறைந்தது 24 மணித்தியாலம் தண்ணியைத் திறக்க விடவில்லை.

அடிக்க முன்னம் ரியூப்பை வாங்கிப் பாருங்கோ. குளியலறைக்கான, பூஞ்சணம் பிடிக்காத சிலிக்கன் என்று இருக்கவேண்டும். காலாவதித் திகதியையும் பாருங்கோ, பழசு இறுகாது. சந்தேகமென்றால் ஈரமாய் இருக்கும்போதே ஒரு சொட்டை விரலில் எடுத்துக் கழுவுங்கோ. அக்ரிலிக் தண்ணியோடு போய்விடும், சிலிக்கன் போகாது. வெறும் ரியூப்பை அவர்கள் கொண்டுபோக விடாதேங்கோ. எங்கள் வீட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, அதனால் முதல் ஆள் இன்றைக்கும் "நான் சிலிக்கன்தான் அடிச்சனான்" என்று சாதிக்கிறார். காசில் ஒரு பங்கை, ரப் நிறையத் தண்ணி விட்டுச் சில கிழமை பாவித்துப் பார்த்த பிறகு கொடுங்கோ. எங்களுக்கு இன்னும் ஒரு சதமும் திரும்பி வரவில்லை.