சுயசான்று கட்டட அனுமதி: ஐந்தரை சென்ட்டில் வீடு கட்டுவோருக்கு

தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறைக் கட்டட அனுமதி, சின்ன மனையில் சொந்த வீடு கட்டுவோருக்குக் கிடைத்த மிக நல்ல சேவை. மாநகராட்சி முதல் கிராம ஊராட்சி வரை எல்லாவற்றுக்கும் ஒரே ஒற்றைச்சாளர இணையதளம். விதிப்படிதான் கட்டுகிறேன் என்று உரிமையாளரே சான்றளித்து ஆவணங்களை ஏற்றி, கட்டணம் கட்டினால் கியூஆர் கோடு போட்ட அனுமதி அப்போதே இறங்கிவிடும். முன்கூட்டிய கள ஆய்வு கிடையாது. ஆய்வுக் கட்டணமும் உட்கட்டமைப்புக் கட்டணமும் தள்ளுபடி. கட்டி முடித்தபின் நிறைவுச் சான்றும் கேட்பதில்லை. கோவை, திருப்பூர் பக்கம் இந்த அனுமதிக்காகப் பல்லடத்துக்கும் பொள்ளாச்சிக்கும் வேலையை விட்டுவிட்டு அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் வரம்பு கறார். 2024-இல் அறிவித்தபடி மனை 2,500 சதுர அடிக்குள், மொத்தக் கட்டடப் பரப்பு 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும், உயரம் 7 மீட்டருக்குள், அதுவும் குடியிருப்புக்கு மட்டும். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு என்றால் இந்த வழி கிடையாது. சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டோடு ஒட்டித் தறிக்கொட்டகை போட நினைப்பவர்களும் வழக்கமான விண்ணப்பத்துக்குத்தான் போக வேண்டும்.

நம்ம ஊரில் மனையைச் சென்ட்டில்தான் பேசுகிறோம். தடுக்கி விழுகிற முதல் இடம் அதுதான். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஐந்தரை சென்ட் 2,395.8 சதுர அடி, தாராளமாகத் தேறும். ஐந்தே முக்கால் சென்ட் 2,504.7 சதுர அடி. ஐந்து சதுர அடிகூட இல்லாத வித்தியாசத்தில் மனை வரம்பைத் தாண்டிவிடுகிறது. பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஹெக்டேர்-ஏர்ஸ், பிளானில் சதுர அடி என்று மூன்று கணக்கு ஓடும். பட்டாவில் 2.30 ஏர்ஸ் என்றிருந்தால் 230 சதுர மீட்டர், அதாவது சுமார் 2,476 சதுர அடி. மூன்றும் ஒத்துப்போகிறதா என்று தாளில் போட்டுப் பார்த்துவிட்டு இணையதளத்துக்குப் போங்கள். பத்திரத்தைவிடப் பட்டாவில் பரப்பு குறைந்திருந்தால் முதலில் சர்வேயரை வைத்து அளந்து அதைச் சரிசெய்ய வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிவிடுவது நல்லது.

அடுத்தது உயரம். 7 மீட்டர் என்பது 22 அடி 11 அங்குலமும் கொஞ்சமும். மேட்டுப்பாங்கான ரோட்டுக்குப் பயந்து மூன்றடி பேஸ்மெண்ட் (தரைமட்டத்துக்கு மேல் எழுப்பும் அடிமேடை) போடுவது இங்கே வழக்கம். இரண்டு தளத்துக்கும் பத்தடி, பத்தடி, ஐந்து அங்குல கான்கிரீட் இரண்டு என்று கூட்டினால் 23 அடி 10 அங்குலம் வந்துவிடுகிறது. பேஸ்மெண்டை இரண்டடியாக்கினால் 22 அடி 10 அங்குலம், வரம்புக்குள் வரும். கையிருப்பு ஒன்றரை அங்குலம்தான். ரோடு மட்டம் உயரும் என்ற பயம் நியாயமானதே. அதனால் பேஸ்மெண்டைக் குறைக்க மனமில்லாவிட்டால் தளத்தின் உயரத்தை ஒன்பதரை அடியாக்கலாம். கான்கிரீட் போடும் அன்றைக்கு மேஸ்திரியிடம் சொல்கிற விஷயம் இல்லை இது, பிளான் போடும்போதே முடிவாக வேண்டும்.

முன்பக்கம் குறைந்தது ஒன்றரை மீட்டர், சுமார் 5 அடி, திறந்தவெளியாக விட வேண்டும். பிளானில் விட்டுக்காட்டிவிட்டு, பிறகு அங்கே தூண் நிறுத்திப் போர்டிகோ போடுகிறார்கள். அதுதான் பிற்பாடு விதிமீறலாகச் சிக்குகிறது.

இனி, பலரும் கவனிக்காமல் விடுகிற நிலவகை. முழுமைத் திட்டத்தில் (எந்த நிலம் எதற்கு என்று மண்டலமாகப் பிரித்த அரசு வரைதிட்டம், மாஸ்டர் பிளான்) உங்கள் புல எண் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சுற்றிலும் நூறு வீடு இருந்தாலும் காகிதத்தில் வேளாண் மண்டலமாக இருக்கலாம். அப்படியென்றால் நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் கீழ் நிலப்பயன் மாற்றம் முதலில். முழுமைத் திட்டம் இல்லாத கிராமங்களில் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற அதே சட்டத்தின் 47-ஏ பிரிவு வரும். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்பதும் முக்கியம். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அங்கீகாரமில்லாத மனைகளுக்கு 2017 வரன்முறைத் திட்ட ஆணை கையில் இருக்க வேண்டும். தொண்டாமுத்தூர், மதுக்கரை மாதிரி மலையடிவார ஊர்களில் ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) கிராமப் பட்டியலையும் பார்க்காமல் இருக்கக்கூடாது. சூலூர் விமானப்படைத் தளம், பீளமேடு விமான நிலையம் பக்கம் உயரத்துக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு.

வழி விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பெரிய தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் போகிற இட்டேரியை (வேலிகளுக்கு நடுவே ஓடும் மண்பாதை) நம்பி மனை வாங்கியவர்கள், அது புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) வண்டிப்பாதை என்று பதிவாகியிருக்கிறதா, இல்லை பக்கத்துத் தோட்டக்காரர் பட்டாவுக்குள் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். புலப்படமும் அ-பதிவேடும் (கிராம நிலப் பதிவேடு) வருவாய்த் துறையின் மின்சேவைத் தளத்திலேயே கிடைக்கும்.

இந்தச் சேவையில் குறை என்று சொன்னால் இதைத்தான் சொல்வோம்: முன்பு ஓவர்சியர் வந்து பார்த்தபோது தப்பு இருந்தால் அஸ்திவாரத்துக்கு முன்பே மாட்டிக்கொள்ளும். இப்போது அந்தப் பொறுப்பு முழுக்கக் கையெழுத்துப் போடுகிற உரிமையாளர் தலையில். தகவல் தப்பு என்று பின்னால் தெரிந்தால் அனுமதியை ரத்து செய்யலாம். ஆகவே இன்ஜினியரே எல்லாம் நிரப்பிவிடட்டும் என்று ஓடிபியை மட்டும் போனில் சொல்லிவிடாதீர்கள். சமர்ப்பிக்கும் முன் புல எண், உட்பிரிவு எண், மனைப்பரப்பு, நான்கு பக்க அளவு, கட்டடப் பரப்பு ஆகியவற்றை நீங்களே ஒருமுறை வாசியுங்கள்.

ஏற்ற வேண்டியவை பத்திரம், பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேடு, மனைப்பிரிவு அங்கீகாரம், மனையின் போட்டோ, வரைபடம். மழைநீர் சேகரிப்பை வரைபடத்தில் காட்டியிருக்க வேண்டும். கட்டணம் சதுர அடிக்கு இவ்வளவு என்று உள்ளாட்சியின் தரத்தைப் பொறுத்து மாறும், தொகையைத் தளமே கணக்கிட்டுக் காட்டும். அனுமதி வந்ததும் கியூஆர் கோடை ஒருமுறை ஸ்கேன் செய்து பெயரும் புல எண்ணும் சரியாகத் திறக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வங்கிக் கடனுக்கு வைத்துக்கொண்டு, மற்றொன்றை லேமினேட் செய்து வேலை நடக்கிற இடத்தில் மாட்டிவையுங்கள்.