மண்டூர் வட்டையில் ட்ரோன்: இரண்டு போகம் அடிப்பித்துப் பார்த்தேன்

இலங்கையில் மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில், மண்டூர்ப் பக்கத்து வட்டையில் (வயல்வெளியில்) ட்ரோனால் நெல்லுக்கு மருந்து அடிப்பித்த கதை இது. முதலில் காசைச் சொல்லிவிடுகிறேன். குருமண்வெளித் துறையில் பாதைக்கு, அதாவது வாவியைக் கடக்கும் மிதவைக்கு, காத்து நிற்கும்போது என்னைக் கண்டவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். ஏக்கருக்கு 3,000 ரூபாய். ஐந்து ஏக்கருக்குக் குறைந்தால் வரமாட்டார்கள். மருந்தும் தண்ணீரும் நம்முடையவை. ட்ரோன், அதை ஓட்டும் தம்பி, ஜெனரேற்றர் எல்லாம் அவர்களுடையவை. கையால் அடிப்பித்தால் எங்கள் பக்கம் முதுகில் சுமக்கும் மருந்துத் தாங்கி ஒன்றுக்கு 250, ஏக்கருக்கு ஒன்பது தாங்கி, ஆக 2,250. சாப்பாடும் தேத்தண்ணீரும் அதற்கு மேல். கூட்டிக் கழித்தால் பெரிய வித்தியாசம் வராது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது, அதற்கு ஒள்ளுப்பம் பொறுங்கள்.

என்னுடையது ஆறு ஏக்கர், அம்மா வழியில் வந்த சீதனக் காணி. வீடு வாவியின் கிழக்கே எழுவான்கரையில், வயல் மேற்கே படுவான்கரையில். மண்டூருக்கு அப்பால், நவகிரிக் குளத்துத் தண்ணீர் பாயும் வட்டை. களுவாஞ்சிக்குடியில் சின்னதாக ஒரு போட்டோப் பிரதிக் கடை வைத்திருக்கிறேன், அதனால் கிழமைக்கு ஒரு நாள் வாவியைக் கடந்து போனாலே பெரிய காரியம். வேளாண்மையை, அதாவது நெற்பயிரை, பார்ப்பது மாமாதான். உறவில் மாமா இல்லை. என் ஐயா காலத்தில் இருந்தே எங்கள் வயலைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரர்.

எண்ணெய் அடிப்பதும், அதாவது மருந்து தெளிப்பதும், மாமாதான். சாரத்தை மடித்துக் கட்டி, வாயைப் பழைய சேர்ட்டால் சுற்றிக்கொண்டு, 16 லீற்றர் தாங்கியை முதுகில் சுமந்து சேற்றுக்குள் நடப்பார். தாங்கி ஒழுகும். முதுகு முழுக்க மருந்து. அன்று இரவு சோறு இறங்காது, கண் சிவந்திருக்கும். முகமூடியும் கையுறையும் வாங்கிக் கொடுத்தேன். வயல் குடிசையான வாடியில் ஆணியில் தொங்குகின்றன, புதிதாகவே. 2024 கார்த்திகை வெள்ளம் எங்கள் முதல் விதைப்பைக் கொண்டுபோனது. வடிந்த பிறகு மறுபடி விதைத்தோம். சேறு முழங்கால் வரைக்கும். "புள்ள, இந்த முறை என்னால ஏலா" என்றார். வயது அறுபத்து மூன்று. அவர் வாயில் இருந்து அந்தச் சொல்லை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. அன்று பின்னேரமே ட்ரோன்காரருக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன்.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. குறை சொல்லப்போகிறேன், அதனால்தான்.

முதல் நாள் உண்மையிலேயே பார்க்க வேண்டிய காட்சி. நான் பாதையில் ஸ்கூட்டியோடு கடந்து போனேன். அவர்களின் பட்டா லொறி பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி ஆறரைக்கே வந்துவிட்டது. தம்பி ரிமோட்டைக் கையில் பிடித்தபடி வரம்பு நெடுக நடந்தான், திருப்பம் வரும் இடமெல்லாம் ஒரு புள்ளி வைத்தான். மாமா முன்னால் போய், "இதால கிறுகு, அங்கால மற்றாள்ட காணி" என்று காட்டினார். காணியின் படம் அப்படியே திரையில் விழுந்தது. ஒருமுறை பதிந்தால் போதும், அடுத்த முறை திரும்ப நடக்கத் தேவையில்லை என்றான். அது சரிதான், பிறகு நடக்கவில்லை.

ஆறு கை விரித்த, 30 லீற்றர் தாங்கி பொருத்திய மெசின். மேலே எழும்பியதும் குளவிக்கூட்டில் கல் எறிந்த மாதிரி ஒரு இரைச்சல், கொக்குகள் எல்லாம் பறந்துவிட்டன. வேளாண்மைக்கு இரண்டு மூன்று மீற்றர் உயரத்தில் நேர்கோட்டில் போகும். விசிறிக் காற்றில் பயிர் இரண்டு பக்கமும் விலகிப் படியும், அதற்குள் மருந்துத் தூவல் இறங்கும். வரம்பு வந்ததும் தானாகவே கிறுகி அடுத்த வரிசையைப் பிடிக்கும். பாரத்தோடு பறந்தால் பற்றரி பத்து நிமிடம்கூடத் தாங்காது. அதனால் ஒன்று பறக்க மற்றது ஜெனரேற்றரில் சார்ஜ் ஏறியபடி இருக்கும். ஆறு ஏக்கர் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. மாமாவுக்கு அது இரண்டு நாள் வேலை. வரம்பில் குந்தியிருந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலை மட்டும் வழக்கத்தை விடக் கூடுதலாகப் போட்டார்.

நம்மவர்கள் இதை ஏதோ நேற்று முளைத்த அதிசயம் போலப் பார்க்கிறார்கள். ஜப்பானில் யமஹா நிறுவனம் ஆளில்லாத சின்ன ஹெலிகொப்டரை நெல்லுக்கு மருந்தடிக்க விட்டது 1987 இல். அந்த நாட்டிலும் காரணம் கிட்டத்தட்ட இதேதான்: வயலில் இறங்குகிறவர்களுக்கு வயதாகிவிட்டது. எங்கள் வட்டைக்கு வந்து சேர இத்தனை வருடம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இப்போது வருவது விலை குறைந்து, கைக்கு அடக்கமாகி, பழகிய ஒரு இளைஞன் தனியாகவே கையாளக்கூடிய வடிவத்தில்.

ட்ரோனைக் கூப்பிடப்போகிறவர்கள் ஒரு கணக்கைக் கட்டாயம் விளங்கிக்கொள்ள வேண்டும். கையால் அடித்தால் ஏக்கருக்கு ஒன்பது தாங்கி, அதாவது 144 லீற்றர் தண்ணீர். ட்ரோன் ஏக்கருக்குப் பத்து லீற்றர்தான் தெளிக்கிறது. மருந்தின் அளவு ஏக்கருக்கு அதே அளவு. அப்படியென்றால் ட்ரோனில் இருந்து விழும் ஒவ்வொரு துளியும் மாமா அடித்த துளியைவிடப் பதினான்கு மடங்கு கடுமையானது. நாங்கள் பழகிய கணக்கோ, தாங்கிக்கு எத்தனை மில்லிலீற்றர் என்பது. அதே கணக்கில் ட்ரோன் தாங்கிக்கு ஊற்றினால் மருந்து காணாது, புல் சிரிக்கும். அதனால் ஏக்கருக்கு எவ்வளவு என்று முதல் நாளே கணக்குப் பார்த்து, ஒரு துண்டில் எழுதித் தம்பியின் கையில் கொடுங்கள். எங்களுக்கு வந்த தம்பிக்கு அந்தக் கணக்கு தெரிந்திருந்தது. அவனுக்குப் பதிலாக ஒருமுறை வந்த மற்றவனுக்குத் தெரியவில்லை.

பலன் எப்படி என்றால், புல்லுக்கு அடித்தது நல்ல வேலை. தண்ணீரை வடித்துவிட்டு அடித்து, மூன்றாம் நாள் திரும்பப் பாய்ச்சினோம். ஆள் இறங்காததால் இளம்பயிர் மிதிபடவில்லை. வரம்பு நெடுக ஒரு அடி, இரண்டு அடி விடுபட்டிருந்தது. வாய்க்கால் ஓரத்து மருதமரத்துக்குக் கீழே ட்ரோன் போகவே இல்லை, அந்த மூலை கடைசி மட்டும் சவரம் செய்யாத முகம் மாதிரியே நின்றது. இலைச்சுருட்டிப் புழுவுக்கு அடித்தது இன்னும் நல்லது. புழு மேல் இலையில் இருக்கிறது, மருந்தும் மேலே விழுகிறது. இந்த இரண்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிடலாம்.

மூன்றாவதுதான் இடித்தது. விதைத்து அறுபத்தைந்து நாள் போலச் சுற்று வட்டையெல்லாம் கபிலத்தத்திப் பூச்சி என்று கதை வந்தது. எங்கள் ஆட்கள் அறக்கொட்டியான் என்பார்கள். நிறுவனத்தில் கேட்டேன். கமரா ட்ரோன் ஒன்று இருக்கிறது, பயிரின் சுகம் எப்படி என்று நிறத்தில் காட்டும், நோயைத் தானே கண்டுபிடிக்கும் என்றார்கள். அதற்கு வேறாக 4,000 ரூபாய். கொடுத்தேன். அழகான படம் வந்தது, ஆறு ஏக்கரும் நல்ல பச்சை. கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் போனில் காட்டினேன்.

நாலு நாள் கழித்து, உடைந்த வரம்பைக் கட்ட இறங்கிய மாமா அழைப்பு எடுத்தார். "புள்ள, அடியில மொய்ச்சுக் கிடக்கு. நாளைக்கு வா." மறுநாள் போனபோது ஒரு தடியால் பயிரை விலக்கிக் காட்டினார். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டைச் சுற்றி, புழுதி ஒட்டின மாதிரித் தத்தி. பிரச்சினை எங்கே என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சுகமான இலை கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை வெளிச்சத்தை நிறையத் திருப்பி அனுப்பும், அந்தக் கமரா அதைத்தான் அளக்கிறது. தத்தியோ அடியில் இருந்து சாற்றை உறிஞ்சுகிறது. மேல் இலை வாடி நிறம் மாறும் போதுதான் படத்துக்குத் தெரியும். அந்த நேரம் வட்டம் வட்டமாகக் கருகத் தொடங்கிவிடும்.

ட்ரோனை அனுப்பினார்கள். நெருங்கி வளர்ந்த வேளாண்மையில் ஏக்கருக்குப் பத்து லீற்றர் அடித்தால் மேல் இலையோடு நின்றுவிடும். இருபது லீற்றர் அடியுங்கள் என்று கேட்டேன். அது இரண்டு தரம் பறக்கிற கணக்கு, காசும் இரண்டு தரம் என்றார்கள். நியாயம்தான், ஆனால் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். கடைசியில் தண்ணீரை வடித்துவிட்டு, மாமாவின் மகன் முதுகுத் தாங்கியோடு இறங்கி, நொசிலைப் பயிருக்கு அடியில் பிடித்து, மொய்த்த இடங்களுக்கு மட்டும் அடித்தான். அரை ஏக்கர் அளவு போனது. மிச்சம் தப்பியது.

ட்ரோன் வருவதற்கு முன் எந்தப் போகத்திலும் எனக்கு இப்படி நடந்ததில்லை. ஏன் என்று பாதையில் திரும்பி வரும்போது யோசித்தேன். மாமா எண்ணெய் அடிக்க இறங்கும்போதெல்லாம் வயலைப் பார்த்தும் இருக்கிறார். எந்த மூலையில் எலி வளை, எந்த வரவையில் (வரம்பு கட்டிய துண்டில்) யூரியா கூடிக் கரும்பச்சையாக நிற்கிறது, பூச்சியைத் தின்கிற சிலந்தி இருக்கிறதா இல்லையா, எல்லாம் அந்த நடையிலேயே அவர் கண்ணில் விழுந்தது. அதற்கு நான் ஒரு நாளும் தனியாகக் காசு கொடுத்ததில்லை. அப்படி ஒரு வேலை நடக்கிறது என்றே எனக்குத் தெரியாது. ட்ரோனைப் பிடித்து மாமாவின் முதுகில் இருந்து நஞ்சை இறக்கினேன், அதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. அதோடு சேர்த்து அவர் கண்ணையும் வயலில் இருந்து வெளியே எடுத்துவிட்டேன். 4,000 ரூபாய்ப் படம் அந்த இடத்தை நிரப்பவில்லை.

சிறுபோகக் கதை சுருக்கமாக. ஆனியில் கச்சான் காற்று. அகன்ற இலைக் களைக்கு எம்.சி.பி.ஏ என்ற களைகொல்லி அடிக்க ஆறரைக்கு வரச் சொன்னேன். வெல்லாவெளியில் வேறு வேலையை முடித்துவிட்டுப் பத்துக்குக் கிட்ட வந்தார்கள். பனை ஓலை எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. "அக்கா, ஸ்கிரீன்ல காத்து ஒள்ளுப்பம்தான் காட்டுது" என்றான் தம்பி. நானும் கடை திறக்கிற அவசரத்தில் சரி என்றேன், அது என் பிழை. மூன்றாம் நாள் பக்கத்து மேட்டுக்காணியில் ஒரு துண்டு கச்சான் (நிலக்கடலை) செடி இலை முறுகி, கழுத்துத் திருகி நின்றது. கச்சான் காற்றில் கச்சான் போன கதை என்று இப்போது வட்டையில் பகிடி. அன்று பகிடியாக இருக்கவில்லை. நிறுவனத்தைக் கேட்டால், பில்லின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார்கள். காற்றினால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று எறும்பு எழுத்தில் இருந்தது. காணிக்கார அண்ணனிடம் 15,000 கொண்டுபோனேன். பத்தை எடுத்துக்கொண்டு, "மிச்சத்தக் கொண்டு போ தங்கச்சி, நீயா ஊதின?" என்றார்.

ட்ரோன் சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் பதியப்பட்டதா என்று கேளுங்கள். எங்களுடையவர்கள் கேட்டவுடன் காட்டினார்கள், அதற்கு ஒரு புள்ளி. கேட்காமல் ரசீது தரமாட்டார்கள், அதற்கு ஒன்று கழியும். தம்பியின் மரியாதைக்கும் வேலைச் சுத்தத்துக்கும் முழுப் புள்ளி. ஐந்துக்கு மூன்றரை என்று வையுங்கள்.

இந்த மாரிக்கும் அவர்களைத்தான் பிடித்திருக்கிறேன். புல்லுக்கும் இலைச்சுருட்டிக்கும் மட்டும், காலை எட்டு மணிக்குப் பிந்தி வந்தால் திருப்பி அனுப்புவேன் என்று எழுதிக் கொடுத்து. கமராப் படம் வேண்டாம் என்றுவிட்டேன். அந்த 4,000 ஐயும் இன்னும் ஒள்ளுப்பத்தையும் சேர்த்து மாமாவுக்கு மாதச் சம்பளமாக வைத்திருக்கிறேன், கிழமைக்கு இரண்டு தரம் தடியோடு வயலுக்குள் நடக்க. "சும்மா நடக்கிறதுக்குமா காசு?" என்று இரண்டு கிழமை வாங்கவில்லை. மறுகா வாங்கினார்.

போன கிழமை ட்ரோன் வந்தபோது அவர் அங்கே நின்றிருக்கிறார். மூன்றாவது வரவையில் சிலந்தி நிறைய நிற்கிறது, புழு கொஞ்சம்தான், அதுக்கு அடிக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார். அவனும் திரையில் விரலால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு மற்றதை அடித்திருக்கிறான். பில் மட்டும் ஆறு ஏக்கருக்கே வந்தது. கேட்டேன். அடுத்த முறை கழிக்கிறார்களாம்.