24 மணி நேரப் பலகையை நம்பி நாயைத் தூக்கிச் செல்வோர் கவனத்திற்கு

பெரம்பூர்ப் பக்கம் '24 மணி நேர அவசர சிகிச்சை' என்று பலகை மாட்டியிருக்கும் ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில் எங்கள் நாய் மணிக்கு நேர்ந்ததை, வியாசர்பாடி, கொளத்தூர், கொடுங்கையூர் வட்டாரத்தில் நாய் வளர்ப்போர் அறிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அம்மாவின் மூட்டுவலி மாத்திரை அட்டையை மணி கடித்துக் குதறி 4 மாத்திரைகளை விழுங்கிவிட்டது. ஒவ்வொன்றிலும் இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம். மணியின் எடையோ 10 கிலோ. விழுங்கிய அரை மணி நேரத்துக்குள் அங்கே சேர்ந்துவிட்டோம். மருத்துவர் இல்லை, உதவியாளர் ஒருவர் மட்டுமே இருந்தார். பல்தடம் பதிந்த அட்டையை நீட்டியபோது அவர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. வரவேற்பறையில் பெரிய மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நாயை எடை பார்க்கத் தோன்றவில்லை. கைப்பேசியில் யாரிடமோ பேசிவிட்டு, "ஒண்ணும் இல்ல சார், வாந்தி வராம இருக்க ஒரு ஊசி, வலிக்கு ஒரு ஊசி, காலையில சரியாயிடும்" என்று சொல்லி இரண்டு ஊசிகளைப் போட்டு, அவசரக் கட்டணம் சேர்த்து 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மணிக்குத் தார்போல் கறுத்த மலம் போகவே, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடினோம். ரசீதில் 'ஊசி 2' என்று மட்டுமே இருந்ததால், அந்தத் தனியார் இடத்தாரைப் பலமுறை கேட்ட பிறகே மருந்துகளின் பெயர்கள் வாட்ஸ்அப்பில் வந்தன: வாந்தியைத் தடுக்கும் ஆன்டான்செட்ரான், வலியைக் குறைக்கும் மெலாக்சிகாம். இதைக் கண்ட வேப்பேரி மருத்துவர் சொன்னது நெஞ்சைச் சுட்டது. விழுங்கிய உடனே நாய் தெளிவாக இருந்த நிலையில் வாந்தி எடுக்க வைத்து, பிறகு நஞ்சை உறிஞ்சும் மருத்துவக் கரி கொடுத்திருக்க வேண்டிய நேரத்தில், இவர்கள் வாந்தியைத் தடுத்து மாத்திரையை உள்ளேயே தங்க வைத்திருக்கிறார்கள். அதோடு, இபுப்ரோஃபென் இனத்தையே சேர்ந்த மெலாக்சிகாமையும் ஏற்றியதால், இரைப்பைப் புண்ணுக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் இரட்டை வழி திறந்துவிட்டது. கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போனால் பாராசிட்டமால் நாயின் கல்லீரலையும் கெடுக்கும். மணிக்குள் போனது கிலோவுக்கு 130 மில்லிகிராம். சலைன், பாராசிட்டமால் நஞ்சை முறிக்கும் அசிடைல்சிஸ்டீன், வயிற்றுப்புண் மருந்து, சிறுநீரக நிலையை அறிய அடிக்கடி கிரியாட்டினின் பரிசோதனை என்று நீண்ட சிகிச்சைக்குப் பிறகு மணி பிழைத்தது.

இத்தகைய நேரத்தில் மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் உப்புக் கரைசல் புகட்டாதீர்கள், அந்த உப்பே நஞ்சாகக்கூடும். ஊசி போடுமுன் மருந்தின் பெயரையும் மருத்துவரின் பதிவு எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "மாத்திரையைக் கீழே போட்டது நீங்கள்தானே" என்றார்கள். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தைக் குறிப்பிட்டு, ரசீது, வாட்ஸ்அப் செய்தி, வேப்பேரிச் சீட்டு ஆகியவற்றின் நகல்களோடு மாநில மன்றத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன்.