ரேடியோ அயோடின் தனியறை: சேரப்போகிறவர்களுக்கு

தைராய்டு புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 100 மில்லிகியூரி அயோடின்-131 கேப்சூல் எடுத்துக்கொண்டேன். மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கும் கதிரியக்க மருந்து அது. உடம்பிலிருந்து கதிர்வீச்சு வரும் என்பதால், அது குறையும்வரை தனியறையில் வைத்தார்கள்.

கவனிப்பில் குறையே இல்லை. அறை சுத்தம். வேளைக்குச் சாப்பாடு கதவருகே வந்துவிடும். மீன், பால் கிடையாது, உப்பும் அயோடின் சேர்க்காதது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் தினமும் மீட்டரோடு வந்து, தள்ளி நின்று அளந்துவிட்டு எண்ணைச் சொல்வார். அது போதுமான அளவு இறங்கிய பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள்.

ஆனால் மனசு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அயோடினைத் தைராய்டு செல்கள் நன்றாக உறிஞ்ச, டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 30-க்கு மேல் ஏறவேண்டும் என்பதற்காக, தைராய்டு ஹார்மோனுக்குப் பதிலாகச் சாப்பிடும் தைராக்சின் மாத்திரையைச் சில வாரங்கள் முன்பே நிறுத்திவிட்டார்கள். தைராய்டு ஹார்மோன் இறங்கினாலே உடம்பு கனக்கும், குளிரும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அழுகை வரும். அந்த நிலையில்தான் நம்மைத் தனியறையில் விடுகிறார்கள். என் மகளுக்கு மூன்று வயது. வீடியோ காலில் "அம்மா, கதவைத் திற" என்று அழுதாள். அன்று ராத்திரி நெஞ்சு படபடத்து மூச்சு முட்டியது. பெல் அடித்தேன். பணியிலிருந்த நர்ஸ், "அக்கா, நான் இங்கேயேதான் இருக்கேன், பேசுங்க" என்று இன்டர்காமில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் நன்றாக இருக்கவேண்டும். ஆனால் இது அவருடைய நல்ல மனசு. மருத்துவமனையின் ஏற்பாடு அல்ல.

பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வுக்கு நான் மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன். சேர்க்கைப் படிவத்தில் கர்ப்பம், வாந்தி, அலர்ஜி எல்லாம் இருந்தது. மனநிலை பற்றி ஒரு வரிகூட இல்லை. யார் உள்ளே தவித்துப்போவார்கள் என்று ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். புற்றுநோய் சிகிச்சையில் 'டிஸ்ட்ரெஸ் தெர்மாமீட்டர்' என்று ஒரு தாள் இருக்கிறது. கடந்த வாரம் எவ்வளவு மன உளைச்சல் என்று 0 முதல் 10 வரை ஓர் எண்ணைக் குறிக்கவேண்டும். தூக்கம், பணம், குழந்தை என்று கவலைகளின் பட்டியலும் கூடவே உண்டு. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு விசாரிப்பார்கள். நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதைத் தைராக்சின் மாத்திரையை நிறுத்தும் அன்றே கொடுக்கவேண்டும். சேரும் நாளில் கொடுத்து என்ன பயன்?

போகிறவர்கள் அவர்கள் கேட்பதற்குக் காத்திருக்காதீர்கள். பழைய மனச்சோர்வு, மூடிய அறை பயம், வீட்டில் சின்னக் குழந்தை, எதுவாக இருந்தாலும் தைராக்சினை நிறுத்தும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். தைராக்சினை நிறுத்தாமலே டி.எஸ்.எச்.-ஐ ஏற்றும் ஊசி இருக்கிறது. விலை அதிகம், எல்லோருக்கும் பொருந்தாது. ஆனாலும் உங்களுக்குச் சரிவருமா என்று கேளுங்கள்.