எதற்கு வாங்குகிறாய் என்று கேட்காத ஒரு மளிகைக்கடை

திருத்துறைப்பூண்டியில் இருந்து வேதாரண்யம் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் இந்தக் கடை வரும். பெயர்ப்பலகை கிடையாது. தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுத வேண்டாம் என்று கடைக்கார அக்கா கேட்டுக்கொண்டதால் நானும் எழுதவில்லை, ஆனால் அந்தப் பக்கம் யாரிடமாவது "அக்கா கடை" என்று கேட்டால் கையைக் காட்டிவிடுவார்கள். நான் பக்கத்து ஊரில் பள்ளி ஆசிரியர். வீட்டுச் சாமான் பெரும்பாலும் இங்கேதான். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன், அந்த ஒரு நட்சத்திரம் ஏன் குறைகிறது என்று பிறகு சொல்கிறேன்.

சரக்கு நன்றாக இருக்கும். பருப்பில் கல், தூசி பார்த்ததில்லை. மிளகாய், மல்லி எல்லாம் வெயிலில் காய வைத்துத்தான் உள்ளே எடுப்பார். காய்கறி சுமார்தான், அது வேண்டுமென்றால் திருத்துறைப்பூண்டி மார்க்கெட்டுக்குப் போய்விடுங்கள்.

நான் எழுத உட்கார்ந்தது சரக்கைப் பற்றி மட்டும் இல்லை. இல்லாதவர்களுக்கு எப்படி உதவுவது என்று கேட்கிற நண்பர்களுக்கு நான் இந்தக் கடையைத்தான் உதாரணம் சொல்கிறேன். முதலில் பொட்டலத்தில் ஆரம்பிக்கலாம். இந்தக் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் விவசாயக் கூலிகள், கொஞ்சம் பேர் வேதாரண்யம் பக்கம் உப்பள வேலைக்குப் போகிறவர்கள். ரேஷனில் 2011-இல் இருந்து அரிசி இலவசமாக வருகிறது, அதனால் சோறு பெரிய கவலை இல்லை. சோற்றில் என்ன ஊற்றிச் சாப்பிடுவது என்பதுதான் தினமும் வருகிற கவலை. ரேஷன் துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோ, அது தீர்ந்த பிறகு பத்து ரூபாய்க்குப் பருப்பு, ஐந்து ரூபாய்க்குப் புளி, ஐந்து ரூபாய்க்கு மிளகாய் என்றுதான் வாங்குவார்கள். வழக்கமாக எல்லா இடத்திலும் சின்ன அளவில் வாங்கினால் விலை கூடும், கால் கிலோ வாங்குகிறவரைவிடப் பத்து ரூபாய்க்கு வாங்குகிறவர் கிராமுக்கு அதிகம் கொடுப்பார், அதாவது காசு இல்லாதவர்தான் அதிக விலை கொடுக்கிறார். அக்கா கடையில் பத்து ரூபாய்ப் பொட்டலத்துக்கும் கிலோ விலைதான் கணக்கு. மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் அவரே உட்கார்ந்து எடை போட்டுக் காகிதத்தில் மடித்து வைத்துவிடுகிறார். ஷாம்பூவைச் சின்ன உறையில் போட்டு விற்கிற யோசனையே நமக்குப் பக்கத்தில் கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர் பரப்பியதுதான், சில்லறைக் காசுக்கும் நல்ல சாமான் கிடைக்க வேண்டும் என்பது இந்தக் கடலோரத்துக்குப் புதிய யோசனை இல்லை.

"மொத்தமா வாங்கினா மிச்சமாகுமே, இதுகூடத் தெரியலையே இவங்களுக்கு" என்று என்னோடு வேலை பார்க்கிறவர்களே சொல்வார்கள். அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஒரு மாதச் சாமானுக்கான பணம் ஒரே நாளில் கையில் சேராது, அவ்வளவுதான். கூலி நாளைக்கு நாள் வருகிறது, நடவு, களை, அறுப்பு நேரத்தில் வருகிறது. இப்போது அறுப்புக்கும் மிஷின் வந்துவிட்டதால் அந்த நாட்களும் குறைந்துவிட்டன. நாங்கள் கடைமடை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் தண்ணீர் இங்கே வந்து சேர நாளாகும், பல வயல்களில் நேரடி விதைப்புச் சம்பா ஒன்றுதான். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வயல் வேலையும் இருக்காது, உப்பளத்திலும் வேலை நின்றுபோகும். தைக்கு முன்னால் பெரிய காசு கண்ணில் படாது. இதுதான் இங்கே இருக்கிறவர்களின் காலண்டர், இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது என்பது என் கருத்து.

அக்காவின் கடன் நோட்டு இந்தக் காலண்டரின்படி ஓடுகிறது. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். வாங்க வாங்க எழுதுவார், அறுப்பு முடிந்து கையில் காசு வரும்போது வாங்கிக்கொள்வார், நடுவில் முடிந்தவர்கள் ஐம்பது நூறு கொடுத்தால் அதையும் கழிப்பார். வட்டி இல்லை. கடனுக்கு ஒரு விலை, ரொக்கத்துக்கு ஒரு விலை என்பதும் இல்லை. ஐப்பசியில் எந்த வீட்டிலும் பாக்கி கேட்க மாட்டார், கேட்டுப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். இதே தெருவில் வாரக் குழுக் கடன் வாங்கிய பெண்களைப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் காலையிலேயே வசூலுக்கு ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார், ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும், அதற்காக அவள் வீட்டு வாசலில் அவளுடைய சொந்தக்காரிகளே நின்று சத்தம் போடும்படி ஆகிவிடுகிறது. மழை பெய்கிறதா, வேலை இருந்ததா என்பதெல்லாம் அந்தத் தவணைக்குத் தெரியாது. 15-ஆம் தேதி வங்கிக்கு வருகிற உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் நேராக அந்தத் தவணைக்குப் போகிற வீடுகள் எனக்குத் தெரியும்.

இந்தக் கவலை மனசுக்குள் என்ன செய்கிறது என்று ஒரு ஆராய்ச்சி நம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ என்ற நான்கு பேர் செய்தது, 2013-இல் சயின்ஸ் இதழில் வந்தது. கரும்புக்காரருக்கு வருமானம் பெரும்பாலும் வெட்டு முடிந்து மொத்தமாக வரும். அதற்கு முன்னால் கையில் ஒன்றும் இருக்காது, நகை நட்டு அடகில் இருக்கும். அதே விவசாயிக்கு, அதே மனுஷனுக்கு, வெட்டுக்கு முன்னால் ஒரு தடவையும் பின்னால் ஒரு தடவையும் புதிர் மாதிரியான சோதனைகள் வைத்தார்கள். முன்னால் மதிப்பெண் குறைந்தது, பின்னால் ஏறியது. வெட்டு நாள் ஆலை முறைப்படி ஆளுக்கு ஆள் வேறுபடும், அதனால் இது மாதத்தினாலோ பருவத்தினாலோ வந்த வித்தியாசம் என்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவில் நியூஜெர்சி கடைவளாகம் ஒன்றிலும் அவர்கள் இதைப் பார்த்தார்கள். உங்கள் கார் ரிப்பேர், 1,500 டாலர் செலவாகும், என்ன செய்வீர்கள் என்று யோசிக்கச் சொல்லிவிட்டுச் சோதனை வைத்தால் குறைந்த வருமானக்காரர்கள் தடுமாறினார்கள், 150 டாலர் என்று சொன்னபோது தடுமாறவில்லை. வசதியானவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்தால் மூளை எவ்வளவு மந்தமாகுமோ ஏறக்குறைய அந்த அளவு என்று எழுதியிருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப மறந்துவிடுகிறார்கள், வங்கிக் கணக்குக்கு ஆதார் இணைக்கச் சொன்னால் கடைசித் தேதி தாண்டிவிடுகிறது, பெற்றோர் கூட்டத்துக்கு வருவதில்லை. அக்கறை இல்லை என்று பள்ளியில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த அம்மாவின் தலைக்குள் விடிந்ததில் இருந்து ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது, செவ்வாய்க்கிழமைத் தவணை, அடகு நகைக்கு வட்டி, மாமியார் மாத்திரை, இன்றைக்கு வேலைக்குக் கூப்பிடுவார்களா மாட்டார்களா. அதில் என் படிவத்துக்கு இடம் கிடைக்கவில்லை. அவள் நம்மைவிட அதிகமாகத்தான் யோசிக்கிறாள், யோசித்து யோசித்துக் களைத்துப் போயிருக்கிறாள்.

ஆகவே உதவி என்று வரும்போது அந்தக் கவலைகளில் ஒன்றையாவது எடுத்துவிட முடியுமா என்றுதான் நான் பார்க்கிறேன். 2023 ஆகஸ்ட் 25-ஆம் தேதி இதே நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்குவளையில்தான் காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தினார்கள். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, எந்த அம்மாவிடமும் நீ ஏழையா என்று சான்றிதழ் கேட்பதில்லை. பிள்ளை வந்தால் சாப்பாடு, அவ்வளவுதான். காலை ஆறு மணிக் கணக்கில் ஒரு வரி அழிந்துவிடுகிறது. அக்கா கடையும் அப்படித்தான், சோற்றுக்குக் குழம்பு உண்டு என்ற நிம்மதி ஒரு வீட்டுக்கு வந்துவிட்டால் அவர்கள் மற்றதை யோசிக்க முடிகிறது.

கேள்வி கேட்கக் கூடாது என்பதில் அக்கா பிடிவாதமானவர். ஒரு தடவை நான் நின்றுகொண்டிருக்கும்போது ஒரு பெண் தன் பிள்ளையின் பிறந்தநாளுக்கு கேக், பலூன், சாக்லேட் எல்லாம் கடனில் கேட்டாள், பழைய பாக்கி நிறைய இருந்தது எல்லாருக்கும் தெரியும். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் "கடன்ல இது வேறயா" என்றார். அக்கா நோட்டில் எழுதிக்கொண்டே, "அவ புள்ளைக்கு அவ வாங்குறா பெரியப்பா, உங்களுக்கு என்ன வேணும் சொல்லுங்க" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு கேக் எதற்கு என்று கேட்கிறவர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணக் கடனைப் பற்றி யாரும் கேட்பதை விரும்புவார்களா என்று நினைத்துப் பார்க்கலாம். வருஷம் முழுக்க வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே வளர்க்கிற பிள்ளைக்கு ஒரு நாள் சரி என்று சொல்வது வீண்செலவு என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் நன்றாக இருக்கிறார், நல்ல மனசு. கடை நோட்டில் இருக்கிற பாக்கி எல்லாவற்றையும் நான் கட்டிவிடுகிறேன், எல்லாரையும் கடை வாசலில் நிற்க வைத்து ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று போன் செய்தார். அக்கா போட்டோ முடியாது என்றார். யார் பக்கத்தில் எவ்வளவு என்பதையும் சொல்ல முடியாது, ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகக் கேட்டு, சரி என்பவர்களுக்கு மட்டும் கழிக்கிறேன் என்றார். கேட்டதில் சில வீட்டார் வேண்டாம், அறுத்துவிட்டு நாங்களே கொடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களை வற்புறுத்தவில்லை. வாங்கிக்கொண்டவர்கள் யார், மறுத்தவர்கள் யார் என்று எனக்கு இன்று வரை தெரியாது, அக்கா சொல்லவும் மாட்டார். சிங்கப்பூர்க்காரர் முதலில் வருத்தப்பட்டார், ஆனால் அடுத்த வருஷம் அவரே போன் செய்து "எந்த மாசம் அனுப்பினா உபயோகமா இருக்கும் அக்கா" என்று கேட்டார். ஐப்பசி என்று சொன்னாராம். எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட எந்த மாதம் கொடுக்கிறோம் என்று கேட்கத் தோன்றியதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கஜா புயலைச் சொல்லாமல் விட முடியாது. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கூரை, தென்னை, கரண்டுக் கம்பம் எல்லாம் போய்விட்டது. உதவி வந்தது, எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் லாரியில் கொண்டுவந்தார்கள், அந்த நன்றி எங்களுக்கு என்றைக்கும் உண்டு. ஆனால் மெயின் ரோட்டோடு நின்றுவிட்ட லாரிகளும் உண்டு, யாருக்கும் அளவு சேராத பழைய துணி மூட்டையும் உண்டு. அக்கா அன்று நனைந்த கடையைத் திறந்து வைத்து வருகிறவர்களிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். மெழுகுவத்தி, கொசுவத்தி, பிஸ்கட், பால்மாவு, நாப்கின். அந்த வாரத்துக் கணக்கு நோட்டிலேயே கிடையாது.

சரி, குறைகள். கணக்கு அக்கா நோட்டில் மட்டும்தான், வாங்குகிறவர்களிடம் பிரதி இல்லை. அவர் ஏமாற்ற மாட்டார், இருந்தாலும் எழுதப் படிக்கத் தெரியாத பெரியம்மாவுக்குத் தன் பாக்கி எவ்வளவு என்று தன் கையில் இருக்க வேண்டும். இதை அவரிடமே சொன்னேன், இப்போது சிலருக்குச் சின்ன நோட்டு கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். பீடி சிகரெட்டைப் பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஜிபே மகன் போனில் இருக்கிறது, அவன் காலேஜுக்குப் போய்விட்டால் ரொக்கம்தான்.

பெரிய குறை வேறு. எல்லாம் இந்த ஒரு பெண்ணின் தலைமேல் நிற்கிறது. தை மாதம் அறுக்கிற நேரத்தில் மழை பெய்து கதிர் சாய்ந்தால், கொள்முதல் நிலையத்தில் நெல் எடுக்கத் தாமதமானால், ஊரில் யாரிடமும் காசு இருக்காது, நோட்டில் பாக்கி அப்படியே நிற்கும், மொத்தக் கடைக்காரர் மட்டும் அக்காவிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். அப்படி ஒரு வருஷம் அவருடைய தோடு, சங்கிலி அடகுக்குப் போனது. அவருக்குக் காய்ச்சல் வந்து கடை பூட்டினால் தெருவே தவித்துப்போகிறது. நூறு நாள் வேலைக் கூலி 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள், கூலி தாமதமானபோதெல்லாம் அந்தத் தாமதத்தைத் தாங்கியது இந்த மாதிரிக் கடை நோட்டுகள்தான். கூட்டுறவுச் சங்கத்தில் பயிருக்குக் கடன் கிடைக்கிறது, நகைக்குக் கடன் கிடைக்கிறது, இப்படி ஊருக்கே கடன் கொடுத்து நிற்கிற சின்னக் கடைக்கும் குறைந்த வட்டியில் ஒரு கை கொடுத்தால் எவ்வளவோ வீடுகள் குழுக் கடன் பக்கம் போகாமல் இருக்கும். ஒரு நட்சத்திரம் குறைத்தது இதற்காகத்தான், அது அக்காவின் குறை இல்லை என்றாலும்.

போகிறவர்களுக்கு: காலை ஆறில் இருந்து ஒரு மணி, திரும்ப நான்கில் இருந்து ராத்திரி ஒன்பது. யாருடைய பாக்கியைப் பற்றியும் விசாரிக்காதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். வேதாரண்யம், கோடியக்கரை போகிற வழியில் வாங்க வேண்டியது ஏதாவது இருந்தால் இங்கே நிறுத்தி ரொக்கம் கொடுத்து வாங்குங்கள், அந்த ரொக்கத்தில்தான் மறுநாள் மொத்தக் கடையில் சரக்கு எடுக்கிறார். சில்லறையாகக் கொண்டு போனால் நல்லது.