ஐந்து கவுண்டர், ஒரே கதை: ஒரு தொழிற்கல்லூரியின் மாணவர் நலப் பிரிவு

சிங்கப்பூரில், செங்காங்கில் ஒரு பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். நானும் என் கணவரும் ஒன்பது ஆண்டுகளாக வளர்ப்புப் பெற்றோர். தத்தெடுப்பதில்லை, பெற்றவர்களோடு இருக்க முடியாத பிள்ளைகளை எங்கள் வீட்டில் வைத்து வளர்க்கிறோம். பத்து வயதில் எங்களிடம் வந்த பெண் இப்போது ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டை முடித்திருக்கிறாள். அவள் பெயரையும் கல்லூரியின் பெயரையும் எழுத மாட்டேன். வளர்ப்புப் பிள்ளைகளின் அடையாளத்தைக் காப்பது எங்கள் பொறுப்பு. ஒன்பது தீபாவளிப் படங்களும் என் கைபேசியைத் தாண்டி எங்கும் போனதில்லை.

ஆனால் அந்தக் கல்லூரியின் மாணவர் நலப் பிரிவைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். எங்களைப் போன்ற வீடுகளில், உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ நிலைத் தேர்வின் முடிவு வந்த அன்றே மனத்தில் ஓடும் கேள்வி, "படிவத்தில் பெற்றோர் என்ற இடத்தில் யார் கையெழுத்துப் போடுவது?" என்பதுதான்.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பணம் இருக்கிறது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு ஆண்டுக் கட்டணம் 3,000 வெள்ளிக்குச் சற்று மேல். கல்வி அமைச்சின் கட்டணக் கடன் அதில் 75 விழுக்காடு வரை கொடுக்கிறது, பல்கலைக்கழகத்துக்குப் போனால் 90 வரை. படிக்கும் காலத்தில் வட்டி கிடையாது. மீதியைக் கல்வி உதவிநிதியில் சமாளிக்கலாம், இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிடமும் விண்ணப்பிக்கலாம். இவை எல்லாவற்றையும்விட எங்களுக்குக் கைகொடுத்தது அவளுடைய உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கு. பள்ளிக் காலத்தில் அரசாங்கம் பிள்ளைகளுக்குப் பணம் போடும் எடுசேவ் கணக்கில் செலவழிக்காமல் கிடந்த தொகை அப்படியே அதற்கு மாறியிருந்தது. கைபேசியில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இது என் பேர்லயா இருக்கு?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி. அவள் பெயரில் ஏதோ ஒன்று சேர்ந்திருந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

கடனுக்குப் பிணையாளர் வேண்டும். வயது 21க்கும் 60க்கும் இடையில் இருக்க வேண்டும், திவாலாகி இருக்கக்கூடாது. அப்போது என் கணவருக்கு 62, எனக்கு 56. அதனால் நான் போட்டேன். சொந்தக்காரர்கள் சிலர் "யோசித்துச் செய்" என்றார்கள். இதில் யோசிக்க எனக்கு எதுவும் இருக்கவில்லை. ஆனால் சிறுவர் இல்லத்தில் வளர்ந்து 18 வயதில் வெளியே வரும் ஒரு பிள்ளை இந்தக் கையெழுத்துக்கு யாரிடம் போய் நிற்கும் என்பதை அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

சரி, நலப் பிரிவுக்கு வருகிறேன். முதலாம் ஆண்டு அனுபவம் மோசம். உதவிநிதிப் படிவம் குடும்ப வருமானத்தைக் கேட்கிறது. யாருடைய குடும்பம்? எங்கள் வருமானமா, அவளைப் பெற்ற அம்மாவின் வருமானமா? கவுண்டரில் இருந்த பெண் கனிவாகத்தான் பேசினார். ஆனால் "அம்மாவின் சம்பளச் சீட்டு வேண்டும்" என்றார். எங்கள் பெண் குரலைத் தாழ்த்தி, "அவங்க என்கூட இல்ல" என்றாள். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில். "அப்போது மத்திய சேமநிதி அறிக்கை?" என்றார் அவர். இவள் கையில் ஒரு நீலக் கோப்பு வைத்திருந்தாள். சமூக ஊழியரின் கடிதம், நீதிமன்ற உத்தரவின் நகல், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வரிசையாக அதில் இருந்தன. வரிசையில் நின்றுகொண்டே அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். அந்த ஓரம் இன்னமும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

அங்கிருந்து நிதிப் பிரிவு, அங்கிருந்து துறை அலுவலகம், பிறகு ஆலோசகர், திரும்பவும் முதல் கவுண்டர். ஐந்து இடம். ஐந்து இடத்திலும் அவள் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

இந்த மாதிரி ஒரு சேவையை அளக்க என்னிடம் இப்போது ஒரே அளவுகோல்தான் உண்டு: பிள்ளை தன் கதையை எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கிறது?

என் தங்கை கலிபோர்னியாவில் இருக்கிறாள். அங்கே கூட்டரசின் நிதியுதவி விண்ணப்பத்தில், 13 வயதுக்குப் பிறகு எப்போதாவது வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தாயா என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஆம் என்றால் பெற்றோர் வருமானத்தைப் பற்றிய பேச்சே எழாது. ஃபுல்லர்ட்டனில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகம் 1998லேயே இப்படிப்பட்ட மாணவர்களுக்கென்று தனித் திட்டம் தொடங்கி, விடுமுறையிலும் தங்க இடம் கொடுத்தது. விடுமுறை எவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்கள் பெண்ணின் தோழி வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. இல்லத்தில் வளர்ந்த பிள்ளை, இப்போது பல்கலைக்கழக விடுதியில் இருக்கிறாள். தவணை முடிந்து அறையைக் காலி செய்யச் சொன்னதும், ஒரு பெட்டியும் அரிசிக் குக்கருமாக எங்கள் கூடத்தில் மூன்று வாரம் தங்கினாள். அவள் இருந்ததில் எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் எங்களைத் தெரியாத பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

இரண்டாம் ஆண்டில் நிலைமை மாறியது. உதவிநிதிக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் அவளுக்கு 18 முடிந்துவிட்டது, பழைய சமூக ஊழியரும் வேறு இடத்துக்குப் போய்விட்டார். கடிதம் யார் தருவார் என்று தெரியாமல் போய் நின்றோம். நலப் பிரிவுக்கு ஓர் அதிகாரி புதிதாக வந்திருந்தார். எங்களை உள்ளே ஓர் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். கோப்பை வாங்கிப் பதினைந்து நிமிடம் தானே படித்தார், அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறகு, "எனக்குத் தேவையானது இதில் இருக்கிறது. உன் விவரத்தில் குறிப்பு எழுதிவிடுகிறேன். இனிமேல் யாரும் கேட்டால் என்னிடம் அனுப்பு" என்று ஆங்கிலத்தில் சொல்லி, நேரடித் தொலைபேசி எண்ணை ஒரு மஞ்சள் தாளில் எழுதிக்கொடுத்தார். போன ஆண்டுக் கடிதத்தையே ஏற்றுக்கொண்டு, மேலதிகாரியின் ஒப்புதலையும் அவரே வாங்கினார். இரண்டு வாரத்தில் பதில் வந்துவிட்டது.

ஒன்று கவனியுங்கள். விதி எதுவும் மாறவில்லை, அதே படிவம்தான். அந்த அதிகாரி நாளை மாறிப்போனால் அடுத்த பிள்ளை மறுபடியும் ஐந்து கவுண்டருக்கு அலைய வேண்டும். அதனால்தான் ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். மூன்று அவருக்கு, அரை அவருக்குத் தனி அறை கொடுத்த நிர்வாகத்துக்கு.

உங்கள் வீட்டில் 16, 17 வயதில் பிள்ளை இருந்தால், 18 ஆவதற்கு முன்பே சமூக ஊழியரிடம் கடிதம் வாங்கி வையுங்கள். எந்த வயதிலிருந்து எந்த வயதுவரை பராமரிப்பில் இருந்தாள் என்பது அதில் தேதியோடு இருக்கட்டும், ஐந்து நகலாவது எடுங்கள். கல்லூரியில் வரிசையில் நிற்பதற்கு முன் தொலைபேசியில் அழைத்து, "தனியாகப் பேச ஒரு நேரம் வேண்டும்" என்று மட்டும் கேளுங்கள். காரணத்தைத் தொலைபேசியில் விளக்க வேண்டிய அவசியமில்லை. பிணையாளரின் வயதையும் இப்போதே கணக்குப் போட்டுப் பாருங்கள். அவள் மூன்றாண்டு முடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது எனக்கு 59 ஆகியிருக்கும், ஒரு கையெழுத்துக்கு இன்னும் இடம் இருக்கிறது.

மூன்றாம் ஆண்டுப் படிவம் போன வாரம் வந்தது. அதிகாரி முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பியிருந்தார், கடிதம் தேவையில்லை என்று. அவள் நீலக் கோப்பை எடுத்துக்கொள்ளாமலேயே போய்விட்டு வந்தாள்.